எப்போது நிறுத்துவது என்று சொல்லும் கருவி

பூச்சித் தூண்டில் பழகத் தொடங்கும் நண்பர்கள் கோலையும் நரம்பையும் வாங்கி முடித்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: ஆற்றுநீரின் வெப்பத்தை அளக்க எந்த வெப்பமானி வாங்குவது? தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது என்பதால் இந்தப் பதிவு. நீளமானது, பொறுத்துக்கொள்க.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பூச்சியம் முதல் ஐம்பது டிகிரி செல்சியஸ் வரை காட்டும், சாராயம் நிரப்பிய எளிய கண்ணாடி வெப்பமானி போதும். ஆனால் அதைப் பனிக்கட்டி நீரில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். அது காட்டும் எண் ஒரு வரம்பைத் தாண்டினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரையேறும் மனமும் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தூண்டில் பொருள் விற்பவர்கள் வெப்பமானியை 'அதிக மீன் பிடிக்க உதவும் கருவி' என்று விற்கிறார்கள். எப்போது மீன் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் கருவி அது என்பது என் கருத்து. அந்தக் கண்ணோட்டத்தை ஏற்றுக்கொண்டால் எதை வாங்குவது என்ற கேள்விக்கும் தெளிவான விடை கிடைத்துவிடும்.

கை ஏன் போதாது

"தண்ணீரில் கையை வைத்தால் தெரியாதா?" என்பது இயல்பான முதல் ஐயம். தெரியாது என்பதே உண்மை. நான் மொழியியல் படித்தவன் என்பதால் இதைச் சொற்களின் வழியாகவே விளக்க முயல்கிறேன்.

வெப்பத்தைக் குறிக்கும் சொற்களை உலக மொழிகள் எப்படிப் பகுக்கின்றன என்று ஆராய்ந்த பெருந்தொகுப்பு ஒன்று மரியா கோப்ச்செவ்ஸ்கயா-டாம் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 2015இல் வெளிவந்தது. அதில் மூன்று களங்கள் பிரித்துக் காட்டப்படுகின்றன: தொட்டறியும் வெப்பம், சூழலின் வெப்பம், உடலுக்குள் ஒருவர் உணரும் வெப்பம். தமிழில் இம்மூன்றையும் நாம் தொடரமைப்பால் வேறுபடுத்துகிறோம். 'தண்ணீர் சில்லென்று இருக்கிறது' என்றால் தொட்டறிந்தது. 'வெளியே குளிர் அடிக்கிறது' என்றால் சூழல். 'எனக்குக் குளிர்கிறது' என்றால் நான்காம் வேற்றுமை ஏற்ற ஓர் ஆளின் அனுபவம். மூன்றிலும் அளவுகோல் மனித உடல்தான். 'மீனுக்கு வெக்கையாக இருக்கிறது' என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. இலக்கணப்படி அத்தொடரில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அப்படிச் சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை. தண்ணீர் என்ற சொல்லே 'தண்' என்னும் குளிர்ச்சியையும் 'நீர்' என்பதையும் சேர்த்துப் பிறந்தது. அதனால்தான் சூடான நீருக்கு வெந்நீர் என்று வேறொரு சொல் வேண்டியிருந்தது. ஆற்றில் ஓடுவது தண்மையானது என்பது நம் சொல்லிலேயே பதிந்துள்ள முன்முடிவு.

நம் தோலுக்கு வெப்பநிலையை அப்படியே அளந்து சொல்லும் திறன் கிடையாது. தன் வெப்பத்துக்கும் தொட்ட பொருளின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டையும், எவ்வளவு விரைவாக வெப்பம் தோலைவிட்டுப் போகிறது என்பதையுமே அது உணர்கிறது. ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் விட்டால், ஒரே நீர் ஒரு கைக்குக் குளிர்ந்தும் மறு கைக்குச் சுட்டும் தோன்றும். பள்ளியில் பலரும் செய்து பார்த்த சோதனைதான். ஜூன் மாத நண்பகல் வெயிலில் மலைப்பாதையில் இறங்கி வந்த ஒருவருக்கு 19 டிகிரி ஓடைநீர் உடல் சிலிர்க்கும் அளவுக்குக் குளிரும். சமவெளியிலிருந்து வருகிற நமக்கு அது பனிநீராகவே தோன்றும். அதே நீரில் பழுப்பு டிரவுட் மூச்சுவிடத் திணறும் எல்லைக்கு அருகில் இருக்கும். மனிதன் 'ஆகா' என்று சொல்லும் வெப்பநிலையும் மீன் துன்பப்படத் தொடங்கும் வெப்பநிலையும் ஒன்றாக இருப்பதால், கையை நம்பி முடிவெடுக்க முடியாது.

மீனின் கணக்கு

டிரவுட் குளிர்நீர் மீன். அதன் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்கும். நீர் சூடாகச் சூடாக அதன் உடலில் வேதிவினைகள் விரைவடைகின்றன. ஆக்சிஜன் தேவை கூடுகிறது. ஆனால் அதே வேளையில் நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது. கடல் மட்டத்தில் பூச்சியம் டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 10 டிகிரியில் 11.3, 20 டிகிரியில் 9.1, 25 டிகிரியில் 8.3. வரவு சுருங்கும்போது செலவு பெருகுகிறது.

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிப் பகுதியில் ஜே. எம். எலியட் பல்லாண்டுகள் பழுப்பு டிரவுட்டை ஆராய்ந்தார். அவருடைய ஆய்வுகளின்படி இம்மீன் ஏறத்தாழ 4 டிகிரிக்குக் கீழும் 19.5 டிகிரிக்கு மேலும் வளர்வதில்லை. பூச்சிகளை உண்ணும் மீன் 13 டிகிரியை ஒட்டியே மிக நன்றாக வளர்கிறது. 25 டிகிரியை நெருங்கும் நீரில் சில நாட்கள் இருந்தாலே சாகத் தொடங்குகிறது. வானவில் டிரவுட் இதைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டைத் தாங்கும். மேலைநாட்டுத் தூண்டிற்காரர்கள் பலரும் 68 டிகிரி பாரன்ஹீட், அதாவது 20 டிகிரி செல்சியஸ், வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும் என்பதை எழுதாத விதியாக வைத்திருக்கிறார்கள். அந்த விதி இத்தகைய அறிவிலிருந்து வந்ததுதான்.

நம் நாட்டில் இந்தக் கணக்கில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் டிரவுட் ஆறுகள் உயரத்தில் இருக்கின்றன. காற்றழுத்தம் குறையும்போது நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் கடல்மட்ட அளவைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர் 9.1 மில்லிகிராம் தாங்குகிறது என்றால், 1,500 மீட்டரில் அதே 20 டிகிரி நீர் ஏறத்தாழ 7.6 மட்டுமே தாங்கும். பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் நீர் தன்னால் தாங்க முடிந்த அளவை நிரப்பிக்கொள்ளும் என்பது உண்மைதான்; ஆனால் அந்தத் தாங்கும் அளவே இங்கே சிறியது. ஆகவே தாழ்நிலத்து ஆறுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரம்பை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சற்றுக் கீழே இறக்கி வைத்துக்கொள்வதே முறை.

தூண்டிலில் சிக்கிய மீன் தன் முழு வலிமையையும் செலவழித்துப் போராடுகிறது. தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அதிலிருந்து மீள அதற்கு ஆக்சிஜன் வேண்டும். குளிர்ந்த நீரில் விட்டுவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். சூடான நீரில் விட்டால் அது வாலை அசைத்து நீந்திப் போவதை நாம் பார்ப்போம். சில மணிநேரம் கழித்து எங்கோ ஒரு பாறையடியில் சாவதைப் பார்க்க மாட்டோம். 'பிடித்து விட்டுவிடுகிறேன், நான் கொல்வதில்லை' என்று பெருமையோடு சொல்லிக்கொள்பவர்களுக்கு இதனால்தான் வெப்பமானி கட்டாயம் என்கிறேன். பிடித்துச் சமைத்து உண்பவரின் கணக்கு வேறு. உரிமம் அனுமதித்த அளவுக்குள் ஒரு மீனை எடுத்து உண்பவர் தாம் செய்வதை மறைப்பதில்லை. விட்டுவிடுவதாகச் சொல்லிக்கொண்டு வெந்த நீரில் ஐந்து மீனைப் பிடித்து விடுபவர் கொன்றது ஒன்றா ஐந்தா என்பது அவருக்கே தெரியாது.

இந்த மீன் இங்கே வந்த கதை

டிரவுட் இந்திய ஆறுகளின் பிறவிக்குடி அன்று. 1899இல் இங்கிலாந்திலிருந்து காஷ்மீருக்கு அனுப்பப்பட்ட முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அங்கிருந்து 1909இல் குலு பள்ளத்தாக்குக்கு வந்தது. இன்று தீர்த்தன், சைஞ்சு ஆறுகளில் தூண்டில் வீசும்போது சிக்கும் பழுப்பு டிரவுட் அந்த வழியில் வந்தவற்றின் வாரிசு. நீலகிரியில் பிரான்சிஸ் டே 1860களிலேயே முயன்று தோற்றார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்ட பிறகே முயற்சி கைகூடியது. அங்கே நிலைத்து நின்றது வானவில் டிரவுட்; பழுப்பு டிரவுட் நிலைக்கவில்லை. 11 பாகை அகலாங்கில் ஒரு குளிர்நீர் மீன் உயிர்வாழ்கிறது என்றால் அது முழுக்க முழுக்க மலையின் உயரம் தந்த சலுகை. அந்தச் சலுகையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதை ஒரு வெப்பமானியால் மட்டுமே காண முடியும்.

எதை வாங்குவது

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். நமக்கு வேண்டிய எல்லை பூச்சியம் முதல் 25 டிகிரி வரைதான். அதற்குள் ஒரு டிகிரி வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும். கீழே விழுந்தாலும் ஆற்றுக்குத் தீங்கு செய்யக் கூடாது. இந்த மூன்றையும் உரைகல்லாக வைத்துக்கொள்வோம்.

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி: வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துச் செல்ல வேண்டாம். அது ஏறத்தாழ 32 முதல் 42 டிகிரி வரைக்கும் மட்டுமே செய்யப்பட்டது. ஆற்றில் வைத்தால் 'குறைவு' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். ஆனால் அதற்கு வேறொரு பயன் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

பாதரச வெப்பமானி: வேண்டவே வேண்டாம். பாறையில் பட்டு உடைந்தால் சிந்தும் பாதரசம் சேற்றில் தங்கும். நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது பூச்சி, மீன், மீன் உண்ணும் மனிதர் என்று உணவுச் சங்கிலியில் மேலேறும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியாவும் 2018இல் ஏற்றிருக்கிறது. பழைய ஆய்வுக்கூடக் கருவி சும்மா கிடைத்தாலும் ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முள் சுழலும் வட்டமுக வெப்பமானி: உடையாது என்பது இதன் நன்மை. உள்ளே இரட்டை உலோகச் சுருள் இருக்கிறது. கீழே விழுந்தால் முள் இடம் மாறிவிடும், அது மாறியது நமக்குத் தெரியாது. சமையலறைக்காகச் செய்யப்பட்டவற்றில் நூறு டிகிரிக்கு மேல் வரை சிறு வட்டத்தில் அடைத்திருப்பார்கள். 17க்கும் 19க்கும் இடையே ஒரு மயிரிழை. எல்லை குறுகியதாகவும், பின்புறம் முள்ளைத் திருத்தும் திருகு உள்ளதாகவும் கிடைத்தால் வாங்கலாம். தண்டின் நுனியிலிருந்து ஒரு விரல் நீளமாவது நீருக்குள் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

எண் காட்டும் மின்னணு வெப்பமானி: விரைவாகக் காட்டும். ஆனால் இங்கே ஒரு மயக்கம் இருக்கிறது. திரையில் 18.7 என்று தெரிந்தால் நம் மனம் உடனே அதைத் 'துல்லியம்' என்று ஏற்றுக்கொள்கிறது. தமிழில் துல்லியம் என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கு வழங்குகிறோம். எவ்வளவு சிறு வேறுபாட்டைக் காட்டுகிறது என்பது ஒன்று. காட்டும் எண் உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது மற்றொன்று. தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் காட்டும் மலிவான கருவிகள் பல, தம் பெட்டியிலேயே 'ஒரு டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம்' என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் 18.7 என்பதன் பொருள் 17.7க்கும் 19.7க்கும் இடையில் ஏதோ ஒன்று என்பதே. இரண்டையும் குறிக்க ஒரே சொல் இருப்பதால் விற்பவருக்கு வசதி, வாங்குபவருக்கு நட்டம். வாங்கும் முன் பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். மின்கலம் குளிரில் சோர்ந்துவிடும் என்பதையும், ஈரம் உள்ளே புகுந்தால் கருவி வீண் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அகச்சிவப்புத் துப்பாக்கி: தொடாமலே அளக்கும் என்பதால் பலரைக் கவர்கிறது. இது நீரின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது என்று குறை சொல்வார்கள். துள்ளி ஓடும் ஓடையில் மேலும் கீழும் நீர் நன்கு கலந்திருக்கும் என்பதால் அந்தக் குறை பெரிதன்று. ஆழமான மடுவில்தான் அது பொருட்படுத்த வேண்டியது. உண்மையான குறை, மலிவான துப்பாக்கிகளில் இரண்டு டிகிரி வரை பிழை இயல்பு என்பது. நமக்கு ஒரு டிகிரியே முடிவை மாற்றும். பெருந்தொற்றுக் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்டவை மனித உடலின் வெப்பத்துக்காகச் செய்யப்பட்டவை, ஆற்றுக்கு உதவா.

மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கண்ணாடி வெப்பமானி: என் தேர்வு இதுதான். சிவப்பு அல்லது நீலச் சாராயம் நிரப்பியது. பெரும்பாலும் பூச்சியம் முதல் 50 டிகிரி வரை. ஒரு டிகிரிக்கு ஒரு கோடு. ஒருவேளைச் சாப்பாட்டின் விலைக்குள் வாங்கிவிடலாம். தொட்டியின் வெளிப்புறம் ஒட்டும் பட்டையை வாங்கிவிடாதீர்கள். அது வெப்பமண்டல மீன்களுக்கானது, நமக்கு வேண்டிய எல்லை அதில் இருக்காது. கண்ணாடியின் ஒரே பகை பாறை. மின்கம்பி செலுத்தும் பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு வெட்டி, சுற்றிலும் துளையிட்டு, எண்கள் தெரிய ஒரு பக்கம் நீளவாக்கில் பிளந்துவிட்டு, உள்ளே வெப்பமானியைப் பஞ்சோடு செருகி, மேலே ஒரு கயிறு கட்டிவிட்டால் உறையும் ஆயிற்று. வெளிநாட்டுத் தூண்டில் நிறுவனங்கள் இதே சாராயக் குழலைப் பித்தளை உறையில் போட்டுத் தருகின்றன. கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்து அதன் விலை எங்கோ போய்விடுகிறது. உறை அழகாக இருக்கும். உள்ளே இருப்பது ஒன்றே.

பழைய ஆங்கிலத் தூண்டில் நூல்கள் எல்லாம் பாரன்ஹீட்டில் பேசும். 50 என்றால் 10 செல்சியஸ். 55 என்றால் ஏறத்தாழ 13. 65 என்றால் 18. 68 என்றால் 20. இந்த நான்கும் நினைவில் இருந்தால் போதும்.

சோதித்துப் பார்த்தல்

வாங்கிய கருவியை அப்படியே நம்பக் கூடாது. பனிக்கட்டியைப் பொடித்து ஒரு குவளையை நிரப்புங்கள். இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். வெப்பமானியை நடுவில் நிறுத்தி மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள். பூச்சியம் காட்ட வேண்டும். ஒன்று காட்டினால் உங்கள் கருவி ஒரு டிகிரி கூட்டிச் சொல்கிறது என்று உறையிலேயே எழுதி வையுங்கள். இனி ஆற்றில் காட்டுவதில் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம். பிழை எவ்வளவு என்று தெரிந்த மலிவான கருவி, தெரியாத விலையுயர்ந்த கருவியைவிட நம்பத்தக்கது.

மறுமுனைக்குக் கொதிநீரை நாடாதீர்கள். ஐம்பது டிகிரிக் குழல் அதில் வெடித்துவிடும். தவிரவும், மலையில் நீர் நூறு டிகிரியில் கொதிப்பதில்லை. 1,500 மீட்டரில் 95ஐ ஒட்டிக் கொதித்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு குவளையில் 37 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பான நீரை எடுத்து, அதில் உங்கள் வெப்பமானியையும் மின்னணுக் காய்ச்சல் வெப்பமானியையும் சேர்த்து வையுங்கள். பின்னது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கு நம்பத்தக்கது. இரண்டும் ஒத்துப்போனால், பூச்சியத்துக்கும் முப்பத்தேழுக்கும் இடையில் உள்ள நம் ஆற்று எல்லையிலும் கருவியை நம்பலாம். வீட்டிலேயே கால் மணிநேரத்தில் முடியும் வேலை இது. சாராயத் தண்டு இடையில் அறுந்து துண்டாகியிருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்; அறுந்திருந்தால் பனிநீரில் குளிரவைத்து மெல்லத் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

அளக்கும் முறை

கரையோரத் தேக்கத்தில் அளக்காதீர்கள். அங்கே வெயில் நீரைச் சுடவைத்திருக்கும். முழங்கால் ஆழத்தில், ஓடும் நீரில், நிழல் இருந்தால் நிழலில் அளவெடுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். குமிழ் நீருக்குள் இருக்கும்போதே எண்ணைப் படியுங்கள். வெளியே தூக்கிவிட்டால் ஈரம் ஆவியாகிக் குமிழைக் குளிர்விக்கும், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சிற்றோடை வந்து சேரும் இடங்களில் மேலும் கீழும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு இருந்தால் மீன் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்பது தெரிந்துவிடும். ஆனால் கோடையில் சூட்டுக்கு அஞ்சி அப்படி ஒதுங்கிய மீனைத் தேடிப் பிடிப்பது அடைக்கலம் புகுந்தவனை அடிப்பதற்கு ஒப்பு. அந்த அறிவை மீனை விட்டு விலகிப்போகப் பயன்படுத்துங்கள்.

ஒரு நாளில் ஒருமுறை அளந்தால் போதாது. பொதுவாக விடிந்த வேளையில் நீர் மிகக் குளிர்ந்திருக்கும். பிற்பகலில் மிகச் சூடாகும். காலை ஏழு மணிக்கு 14 காட்டிய ஓடை மூன்று மணிக்கு 19 காட்டலாம். பனி உருகி வரும் ஆறுகளில் இந்த ஒழுங்கு மாறும். மேலே பகலில் உருகிய நீர் கீழே வந்துசேர நேரம் பிடிப்பதால், எதிர்பாராத வேளையில் நீர் குளிர்ந்து கலங்கும். மணிக்கு ஒருமுறை அளந்து ஒரு சிறு ஏட்டில் இடம், நேரம், வெப்பம் என்று குறித்து வாருங்கள்.

என் வரம்பு இது: 18 வந்தால் மீனோடு நீண்ட இழுபறி கூடாது, நீருக்கு வெளியே தூக்கிப் படம் எடுப்பதும் கூடாது. 19 வந்தால் நிறுத்தம். மேலைநாட்டார் சொல்லும் 20இலிருந்து ஒரு டிகிரியைக் கருவியின் பிழைக்காகவும் மலையின் உயரத்துக்காகவும் கழித்துக்கொள்கிறேன்.

மறுப்புகள்

"இமயத்து ஆறுகள் எப்போதும் குளிர்ந்தவை, இதெல்லாம் வீண்" என்பார்கள். பனியாறுகளின் நீர் நேரே வந்து சேரும் பெரிய ஆறுகளின் மேற்பகுதிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். சிற்றோடைகளுக்கும், பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதிக்கும், நீர்மின் திட்டத்துக்காக நீர் திருப்பப்பட்டுப் பாறைகள் காய்ந்து கிடக்கும் பகுதிகளுக்கும் பொருந்தாது. மே, ஜூன் மாதங்களில் மழைக்கு முன் மெலிந்து ஓடும் நீர் விரைவில் சூடாகும். உங்கள் ஆறு எப்போதும் குளிர்ந்தது என்றால் வெப்பமானி அதை உறுதிசெய்யப்போகிறது. அதில் இழப்பேதும் இல்லை.

"உள்ளூர்ப் பெரியவர்கள் கருவி இல்லாமலே அறிவார்கள்" என்பது அடுத்த மறுப்பு. இதை மதிக்கிறேன். களப்பணிக்காக மலைக் கிராமங்களில் தங்கும்போது, எந்த மாதம் எந்த மடுவில் மீன் இருக்கும், எப்போது இருக்காது என்பதை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்த அறிவு ஓராற்றின் கரையில் ஒரு வாழ்நாள் இருந்து பெற்றது. வார இறுதியில் வந்துபோகும் நமக்கு அது இல்லை. அதுமட்டுமன்றி, அந்த அறிவு பழைய பருவங்களைக் கொண்டு உருவானது. பனிப்பொழிவும் மழையும் முன்போல் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். எழுதி வைத்த எண்கள் இருந்தால் அவர்கள் சொல்வதற்கும் அது துணையாகும்.

மூன்றாவது மறுப்பே வலுவானது: "டிரவுட் அயல் மீன், நம் சொந்தப் பனிமீன்களை உண்டு பெருகிய ஒன்று. அது செத்தால் என்ன?" டிரவுட் வந்ததால் சைசோதோராக்ஸ் இனத்து உள்நாட்டு மீன்கள் பல இடங்களில் பின்வாங்கின என்பதை மறுக்கவில்லை. டிரவுட்டை மேலும் புதிய ஓடைகளில் விடக் கூடாது என்பதும் என் நிலைப்பாடு. ஆனால் ஓர் இனம் இங்கே இருக்கலாமா என்பது வேறு கேள்வி; என் கையில் சிக்கிய ஒரு மீன் வீணாகத் துடித்துச் சாகலாமா என்பது வேறு கேள்வி. அகற்ற வேண்டுமென்றால் பிடித்து உண்ணலாம். அது நேர்மையான வழி. விளையாட்டுக்காகப் பிடித்துச் சூட்டில் விட்டுச் சாகவிடுவதால் எந்த உள்நாட்டு மீனும் காப்பாற்றப்படுவதில்லை. மேலும் அந்த உள்நாட்டு மீன்களும் குளிர்நீரையே நம்பி வாழ்பவை. ஓடையின் வெப்பம் கூடுவதைக் குறித்து வைப்பது அவற்றுக்காகவும்தான்.

இமாசலத்தில் டிரவுட் இனப்பெருக்கம் செய்யும் குளிர்மாதங்களில் அரசே தூண்டிலுக்குத் தடை விதிக்கிறது. நாள்காட்டியைக் கொண்டு விதிக்கத்தக்க தடை அது, சட்டம் செய்யலாம். ஆனால் ஜூன் மாதத்து ஒரு பிற்பகலில் ஓர் ஓடையின் ஒரு மடுவில் நீர் 19 டிகிரியைத் தொட்டது என்பதை எந்த அலுவலகமும் அறிய முடியாது. அங்கே நிற்பவர் அறியலாம். அந்த இடத்தில் தடை விதிக்க வேண்டியவரும் அவரே.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை மலைக்குக் கிளம்பும் முன் அருகிலுள்ள மீன்தொட்டிக் கடைக்கு ஒருமுறை போய்வாருங்கள். பனிக்கட்டியில் சோதியுங்கள். உங்கள் ஓடைகளில் அளந்த எண்களை இடம், நாள், நேரத்தோடு பின்னூட்டத்தில் இடுங்கள். நீலகிரி ஓடைகளில் அளந்தவை இருந்தால் மிகவும் மகிழ்வேன். ஓராண்டு சேர்ந்தபின் ஆறுவாரியாகப் பிரித்து அட்டவணையாக இங்கேயே வெளியிடுகிறேன்.